காரமிளகாய் விதை முளைக்காதபோது எதைச் சந்தேகிக்க வேண்டும்?

நீங்கள் எழுதியதைச் சுருக்கிச் சொன்னால் இப்படி வருகிறது: வீட்டுத் தோட்டத்துக்காக ஒரே குழித்தட்டில் கடுங்கார வகையான ஹபனேரோ மிளகாயின் 20 விதைகளையும் 10 சாதாரண நீள மிளகாய் விதைகளையும் ஒரே நாளில் ஊன்றினீர்கள், அறையின் வெப்பநிலை 22 டிகிரி செல்சியஸ், ஈரம் காயாமலிருக்கத் தட்டின் மேல் பிளாஸ்டிக் மூடி போட்டு அதை எடுக்காமலே வைத்திருந்தீர்கள், 22 நாள்களில் நீள மிளகாய் பத்தில் ஒன்பது முளைத்துவிட, ஹபனேரோவில் நான்கு மட்டுமே தலைகாட்டின, அந்த நான்கிலும் இரண்டு, தண்டின் அடி நைந்து சாய்ந்துவிட்டன. விதை விற்றவர் ஏமாற்றிவிட்டாரா, அடுத்த முறை விதையை எதில் ஊறவைத்து ஊன்ற வேண்டும் என்பவை உங்கள் கேள்விகள். உண்மையில் உங்கள் முன்னே இருப்பவை வேறு இரண்டு கேள்விகள்: பதினாறு விதைகள் ஏன் முளைக்கவில்லை என்பது ஒன்று, முளைத்த இரண்டு ஏன் செத்தன என்பது மற்றொன்று. இரண்டுக்கும் காரணம் வேறு. அது மட்டுமல்ல, முதலாவதற்கு நல்லதாக இருப்பதே இரண்டாவதற்குக் கேடாக முடிகிறது. இந்த முரண்பாட்டைப் புரிந்துகொண்டால் மற்றவை எல்லாம் தாமே ஒழுங்குக்கு வரும்.

விதைப் பரிசோதனைக் கூடத்தில் சில ஆண்டுகளும் நாற்றுப் பண்ணையில் அதைவிடக் கூடுதலான ஆண்டுகளும் வேலை செய்தவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். உங்கள் தட்டை நான் நேரில் பார்க்கவில்லை. எனவே எது உறுதி, எது என் ஊகம் என்பதை அங்கங்கே பிரித்தே சொல்கிறேன்.

முதலில் உறுதியானது. நீள மிளகாயும் ஹபனேரோவும் ஒரே செடியின் இரண்டு வகைகள் அல்ல, வெவ்வேறு இனங்கள். மனிதர் பயிராக்கிய மிளகாய் இனங்கள் ஐந்து. குடைமிளகாய் முதல் பெரும்பாலான நீள மிளகாய்கள் வரை கேப்சிகம் அன்னூவம் என்ற இனத்தில் அடங்கும். ஹபனேரோ, பூத் ஜொலோகியா, கரோலினா ரீப்பர் போன்ற கடுங்கார வகைகள் கேப்சிகம் சைனென்ஸ் இனத்தைச் சேர்ந்தவை, அல்லது அதன் கலப்பில் வந்தவை. (1776இல் இதற்குப் பெயர் வைத்த தாவரவியலாளர் ஜாக்குவின், இது சீனாவிலிருந்து வந்தது என்று நினைத்துவிட்டார், செடியின் தாயகம் தென் அமெரிக்காவின் வெப்பமண்டலம். தவறான பெயரே நிலைத்துவிட்டது.) அன்னூவம் விதைகள் ஒரு வாரத்திலிருந்து இரண்டு வாரத்துக்குள் முளைப்பது வழக்கம். சைனென்ஸ் விதைகளோ நல்ல சூட்டிலும் இரண்டு முதல் நான்கு வாரம் எடுத்துக்கொள்ளும். ஆறாவது வாரத்தில் முளைப்பதையும் பலமுறை பார்த்திருக்கிறேன். ஒரே நாளில் ஊன்றினாலும் ஒன்றாக முளைக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. தபாஸ்கோ வகை அடங்கிய ஃபுரூட்டெசன்ஸ் இனமும் ஏறத்தாழ இதே மெத்தனம்தான். ஆகவே 22ஆம் நாளில் 20க்கு 4 என்பது, அதுவும் 22 டிகிரி அறையில், விதைக்கு எதிரான சாட்சியம் ஆகாது.

அந்த 22 டிகிரியைத்தான் நான் முதலில் சந்தேகிப்பேன். மிளகாய் விதை காற்றின் வெப்பத்தைப் பார்த்து முளைப்பதில்லை. தன்னைச் சுற்றியுள்ள மண்ணின் வெப்பத்தைப் பார்த்தே முளைக்கிறது. ஈர மண்ணிலிருந்து நீர் ஆவியாகும்போது மண் குளிர்கிறது. மூடியில்லாத தட்டில் மண், அறையைவிட இரண்டு மூன்று டிகிரி குறைந்தே இருக்கும். மூடி இருந்தால் இந்த வேறுபாடு சுருங்கும். ஆனாலும் குளிர்ந்த தரையிலோ கல் மேடையிலோ வைத்திருந்தால் அடியிலிருந்து சூடு போய்விடும். அன்னூவம் விதைகளைப் பொறுத்தவரை மண் 25 முதல் 30 டிகிரி வரை இருந்தால் ஏறத்தாழ 8 நாளில் முளை வெளிவருகிறது; 20 டிகிரியில் அது 12, 13 நாள் ஆகிறது; 15 டிகிரியில் 25 நாள் வரை இழுக்கிறது. 10 டிகிரியிலும் முளைப்பதில்லை, 40 டிகிரியிலும் முளைப்பதில்லை. சைனென்ஸ் இதைவிட மெதுவானது என்பதால் குளிர்ச்சியின் தண்டனையும் அதற்குக் கூடுதல். அதனால் 28 டிகிரியைக் குறியாக வைத்துக்கொள்ளுங்கள். இரவில் நான்கைந்து டிகிரி இறங்கினால் பாதகமில்லை; பரிசோதனைக் கூடங்களிலேயே மிளகாய்க்கு 20க்கும் 30க்கும் இடையே மாறி மாறி வைக்கும் முறை உண்டு.

இதற்கு முதலில் தேவைப்படுவது மண்ணில் குத்திப் பார்க்கும் ஒரு வெப்பமானி. விதைத் தட்டுக்கு அடியில் விரிக்கும் வெப்ப விரிப்பு கிடைத்தால் நல்லது. ஆனால் அது தானாக நின்று இயங்கும் கட்டுப்பாட்டுக் கருவியுடன் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் விதை வெந்துவிடும். விரிப்பு இல்லாதவர்கள் எப்போதும் மிதமாகச் சூடேறி இருக்கும் ஏதேனும் கருவியின் மேல் தட்டை வைக்கலாம். முளைக்கும் வரை வெளிச்சம் தேவையில்லை என்பதால் இடம் இருட்டாக இருந்தாலும் குறையில்லை. செய்யக்கூடாதது ஒன்று உண்டு: மூடி போட்ட தட்டை நேர் வெயிலில் வைக்காதீர்கள். பண்ணை வேலையின் முதல் ஆண்டில், சூடு கிடைக்கட்டும் என்று மூடிய தட்டுகளைக் காலை வெயிலில் வைத்துவிட்டு மறந்துபோனேன். மதியம் பார்த்தபோது உள்ளே 47 டிகிரி. அந்தத் தட்டுகளில் ஒரு விதைகூட முளைக்கவில்லை.

அடுத்தது ஈரம். விதை நீரை உறிஞ்சிப் பருத்த பிறகு மூச்சுவிடத் தொடங்குகிறது. மண்ணின் இடுக்குகளில் காற்றில்லாமல் நீரே நிறைந்திருந்தால் அது திணறி அழுகிவிடும். ஊடகத்தை, அதாவது விதை ஊன்றும் கலவையை, ஒரு பிடி எடுத்து அழுத்திப் பாருங்கள்: கட்டியாக நிற்க வேண்டும், விரலிடுக்கில் ஓரிரு சொட்டுக்கு மேல் கசியக்கூடாது. தோட்டத்து மண்ணைக் குழித்தட்டில் நிரப்புவதை நான் ஏற்பதில்லை. அது இறுகும், நோய்க் காளானையும் கூடவே கொண்டுவரும். உப்பு நீங்கக் கழுவிய தென்னை நார்க் கழிவுடன் பெர்லைட்டோ வெர்மிகுலைட்டோ (காற்றோட்டம் தரும் இலேசான கனிமத் துகள்கள்) கலந்தால் போதும். இந்தக் கட்டத்தில் உரமே வேண்டியதில்லை. முதல் இரண்டு வாரத்துக்கான சாப்பாட்டை விதை தன்னுள்ளேயே கட்டிக்கொண்டு வருகிறது. ஆழம் அரை சென்டிமீட்டரைத் தாண்ட வேண்டாம். ஊன்றிய பிறகு தோண்டிப் பார்க்கும் ஆசையை அடக்கிக்கொள்ளுங்கள். முளைக்கும் தருவாயிலிருக்கும் விதையின் வேர் நுனி மிக மெல்லியது, ஒடிந்தால் திரும்ப வளராது.

இனி ஊறவைப்பதைப் பற்றி. இங்கேதான் உறுதியும் ஊகமும் பெரிதும் கலந்து கிடக்கின்றன. சாதாரண நீரில் ஓர் இரவு ஊறவைத்தால் கெடுதல் இல்லை. நீர் உறிஞ்சும் வேலை முன்கூட்டியே முடிவதால் ஒரு நாளோ இரண்டு நாளோ மிச்சமாகலாம். 24 மணி நேரத்துக்கு மேல் ஊறினால் மூச்சுத்திணறல் தொடங்கிவிடும். விதைப் பரிசோதனைக் கூடங்களில் புதிய மிளகாய் விதையின் உறக்கத்தைக் கலைக்க, நீருக்குப் பதிலாகப் பொட்டாசியம் நைட்ரேட்டின் மிக நீர்த்த கரைசலை, 100க்கு 0.2 என்ற அளவில், பயன்படுத்துவது அங்கீகரிக்கப்பட்ட நடைமுறை. அது உண்மையிலேயே உதவுகிறது. எனினும் குளிர்ந்த மண்ணில் இருக்கும் விதையை அது காப்பாற்றாது. தேநீர், சீமைச் சாமந்தித் தேநீர் போன்றவை விதையுறையை மென்மையாக்கும் என்று பலர் சொல்கிறார்கள். வெந்நீர்ப் பையின் மேல் வைத்த வெறும் நீரைவிட அவை மேலானவை என்று நம்ப எனக்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை. மிக நீர்த்த ஹைட்ரஜன் பெராக்சைடு விதையின் மேலுள்ள நுண்ணுயிரிகளைக் குறைக்கும், அவ்வளவே. 52 டிகிரி வெந்நீரில் 30 நிமிடம் வைப்பது என்று நீங்கள் எங்காவது படித்திருந்தால், அது முளைப்பைத் தூண்டுவதற்கானது அல்ல. விதை வழியே பரவும் பாக்டீரியா இலைப்புள்ளி நோயைத் தடுப்பதற்கானது. வெப்பம் சற்றுக் கூடினாலும் விதை செத்துவிடும் என்பதால், கையில் பத்து விதை வைத்திருப்பவர் அதில் இறங்க வேண்டாம்.

காட்டு மிளகாயைப் பற்றி ஒரு சிறு விலகல். மிளகாயின் காரத்துக்குக் காரணமான கேப்சைசின் பாலூட்டிகளைத்தான் சுடுகிறது, பறவைகளுக்கு அது உறைப்பதே இல்லை. பறவைகள் பழத்தை விழுங்கி, விதையைச் சேதமில்லாமல் வேறிடத்தில் எச்சமிடுகின்றன. பறவையின் வயிற்றில் கிடைக்கும் அமிலக் குளியலை வீட்டில் போலியாகச் செய்யப் பார்ப்பவர்கள் விதையை வினிகரில் போடுகிறார்கள். தோட்ட வகைகளுக்கு அது தேவையே இல்லை. பல தலைமுறைகளாக எளிதில் முளைக்கும் விதைகளையே மனிதர் பொறுக்கி வைத்து வந்திருக்கிறார்கள்.

விதை கெட்டதா என்பதற்கு வருகிறேன். இதை விற்றவரிடம் சண்டை போட்டுத் தெரிந்துகொள்ள முடியாது, சோதித்துத்தான் தெரிந்துகொள்ள முடியும். பொட்டலத்தில் மீதம் இருந்தால் பத்து விதைகளை எடுத்து, ஈரமாக்கிப் பிழிந்த மெல்லிய காகிதத்தில் இடைவெளி விட்டுப் பரப்பி, மடித்து, காற்றுப் புக இடம் விட்ட பையில் போட்டு 28 டிகிரியில் வையுங்கள். மூன்று நாளுக்கு ஒருமுறை திறந்து காற்றாட விடுங்கள். நான்கு வாரம் முடிந்தும் பத்தில் ஒன்றுகூட முளைக்காவிட்டால் விதையின் மேல் பழி போடலாம். பாதி விதைகளாவது உயிருள்ள பொட்டலத்திலிருந்து எடுத்த பத்தும் தற்செயலாக முளைக்காமல் போகும் வாய்ப்பு ஆயிரத்தில் ஒன்றுதான். ஆனால் பத்தில் நான்கு முளைத்ததா ஆறு முளைத்ததா என்பதை வைத்துத் தரத்தைத் தீர்மானிக்காதீர்கள். அவ்வளவு சிறிய எண்ணிக்கையில் அந்த வேறுபாட்டுக்குப் பொருளில்லை. நீரில் மிதந்தால் பதர், மூழ்கினால் நல்ல விதை என்ற சோதனையை மிளகாய்க்கு நான் நம்புவதில்லை. தட்டையான, இலேசான அந்த விதையில் நல்லதும் மிதக்கும். வயது மட்டும் முக்கியம்: சாதாரணமாக வைத்த மிளகாய் விதை இரண்டிலிருந்து நான்கு ஆண்டு வரை தாங்கும், அதற்கு மேல் முளைப்புத்திறன் இறங்கும், வெப்பமும் ஈரமும் உள்ள இடத்தில் வைத்திருந்தால் அதற்கு முன்பே இறங்கிவிடும்.

மீதம் விதை இல்லாமல் பழத்திலிருந்து எடுக்க நினைத்தால், முழுவதும் நிறம் மாறிக் கனிந்த பழமாக இருக்க வேண்டும். பச்சைக் காயின் விதை முற்றியிருக்காது. கையுறை போட்டுக்கொள்ளுங்கள். காரம் விதைக்குள் இல்லை, விதைகள் ஒட்டிக்கொண்டிருக்கும் வெண்மையான நடுப்பகுதியில் உருவாகிறது. விதை அதில் தோய்ந்துதான் உறைக்கிறது. அருகில் வேறு மிளகாய் வகை பூத்திருந்தால் பூச்சிகள் மகரந்தத்தைக் கலந்திருக்கக்கூடும். அதனால் அந்தப் பழத்தின் காரம் மாறாது, அதன் விதையிலிருந்து வரும் செடிதான் மாறும். கலப்பின வகைகளின் விதையும் தாயைப் போல வராது.

இப்போது செத்துப்போன இரண்டு நாற்றுகள். நீங்கள் சொன்ன அடையாளத்தை வைத்துப் பார்த்தால், தண்டு மண்ணைத் தொடும் இடத்தில் நீர் கோத்தது போல் நைந்து, நூலாகச் சுருங்கி, இலை பச்சையாக இருக்கும்போதே சாய்ந்திருக்க வேண்டும். இது நாற்றழுகல் நோய். பித்தியம், ரைசோக்டோனியா போன்ற மண்வாழ் நுண்ணுயிரிகள் இதை உண்டாக்குகின்றன. தாக்கப்பட்ட நாற்றுக்கு மருந்தில்லை. பக்கத்து நாற்றுகளைக் காப்பாற்ற அதை மண்ணோடு சேர்த்து எடுத்து எறிய வேண்டும். இலவங்கப்பட்டைத் தூளை மேலே தூவுகிறவர்கள் உண்டு. மேற்பரப்புக் காளானை அது ஓரளவு அடக்கலாம், ஆனால் ஈரம் தேங்கிய தட்டில் அதை நம்பி இருக்க முடியாது.

காரணம் எது என்பதில் எனக்கு ஐயம் குறைவு. உங்கள் தட்டில் நீள மிளகாய் பத்தாம் நாள் வாக்கில் முளைத்திருக்கும். அன்றே மூடி எடுபட்டிருக்க வேண்டும். ஆனால் ஹபனேரோ இன்னும் முளைக்காததால் மூடியை வைத்தே இருந்தீர்கள். அதன் கீழ் காற்று அசையாமல் ஈரம் நிறைந்து நின்றது, முளைத்து வந்த ஹபனேரோ நாற்றுகளும் அதில் சிக்கிக்கொண்டன. முளைக்கும் வரை விதைக்குத் தேவை சூடும் மூடலும். முளைத்த நாற்றுக்குத் தேவை வெளிச்சமும் ஓடும் காற்றும், சற்றே காயும் மேல்மண்ணும், கொஞ்சம் குளிர்ச்சியும். வேகமாக முளைப்பதையும் மெதுவாக முளைப்பதையும் ஒரே மூடியின் கீழ் வைத்தால் ஒன்றுக்கு நன்மை செய்யப்போய் மற்றொன்றைக் கொல்ல வேண்டிவரும். என் பார்வையில் உங்கள் பிழை விதையை எதிலும் ஊறவைக்காதது அல்ல. இரண்டு இனங்களை ஒரே தட்டில் போட்டதுதான். அடுத்த முறை வகைக்கு ஒரு சிறு தட்டு, அல்லது தனித்தனியே தூக்கி எடுக்கக்கூடிய குழிகள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முளை வளைந்து மண்ணைக் கிழித்து வரும் அன்றே அதை வெளிச்சத்துக்குக் கொண்டுவாருங்கள். சன்னல் வெளிச்சம் மட்டும் இருந்தால் நாற்று நெட்டுக்குத்தாக வளர்ந்து மெலிந்துவிடும். எல்ஈடி விளக்கை நாற்றுக்குக் கிட்டத்தில், இலை சுடாத உயரத்தில், நாளுக்கு 14 முதல் 16 மணி நேரம் எரியவிட்டால் தண்டு கட்டையாகத் திரளும். சூட்டை 20, 22 டிகிரிக்குக் குறையுங்கள். வெளிச்சம் குறைந்து சூடு மிகுந்திருப்பதுதான் நெடுநெடுவென்று ஓடச் செய்கிறது. ஒரு சிறு மின்விசிறியின் மெல்லிய காற்று நாற்றழுகலையும் தடுக்கும், தண்டையும் உறுதியாக்கும். நீரைத் தட்டின் அடியில் ஊற்றி, அரை மணி நேரத்தில் உறிஞ்சாமல் மிஞ்சியதை வடித்துவிடுங்கள். விதையுறை தொப்பி போல வித்திலைகளைப் பற்றிக்கொண்டு கழலாவிட்டால் ஒரு சொட்டு நீர் வைத்து ஒரு மணி நேரம் ஊறவிட்டு மெதுவாகத் தள்ளுங்கள். பிடித்து இழுத்தால் வித்திலையும் சேர்ந்து வந்துவிடும்.

முதலில் வரும் இரண்டு வித்திலைகளை அடுத்து உண்மையான இலைகள் இரண்டு சோடி வந்ததும் தனித்தனித் தொட்டிக்கு மாற்றலாம்; தண்டைப் பிடிக்காமல் இலையைப் பிடித்துத் தூக்க வேண்டும். அப்போதிலிருந்து நீர்ம உரத்தைக் குறித்த அளவில் கால் பங்கு மட்டும் கொடுங்கள். தக்காளியைப் போலத் தண்டைக் கழுத்துவரை புதைக்கலாமா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. மிளகாய்த் தண்டு தக்காளி அளவுக்கு வேர்விடுவதில்லை. ஆகவே மெலிந்த நாற்றை வித்திலைவரை சற்றுத் தாழ்த்தி நடுவதோடு நான் நிறுத்திக்கொள்வேன். முதல் பூவைக் கிள்ள வேண்டும் என்பதும் இப்படியான ஒன்றுதான்: செடி சிறிதாக இருந்தால் கிள்ளுவேன், தேறியிருந்தால் விட்டுவிடுவேன், அறுவடையில் பெரிய வேறுபாட்டை நான் கண்டதில்லை.

வெளியே நடுவதற்கு அன்னூவம் நாற்றுக்கு ஊன்றியதிலிருந்து 6 முதல் 8 வாரமும், ஹபனேரோவுக்கு 8 முதல் 10 வாரமும் ஆகும். இரவு வெப்பம் 13 டிகிரிக்குக் கீழே இறங்காத காலம் வந்த பிறகே நடுங்கள். அதற்கு முன் ஒரு வாரம் பத்து நாள், முதல் நாள் ஒரு மணி நேர நிழல், பிறகு இளவெயில், பிறகு முழுவெயில் என்று வெளிக்காற்றுக்குப் பழக்குங்கள்; வீட்டுக்குள் வளர்ந்த இலை திடீர் வெயிலில் வெளுத்துக் கருகிவிடும். செடிக்குச் செடி 45 சென்டிமீட்டர் போதும். தொட்டியில் வைப்பதானால் 10 லிட்டருக்குக் குறையாத தொட்டியாக எடுங்கள். பகல் 32 டிகிரியைத் தாண்டி, இரவும் புழுக்கமாக இருக்கும் நாள்களில் பூ உதிரும். அதைக் கண்டு உரத்தைக் கூட்ட வேண்டாம்.

இப்போதிருக்கும் தட்டை என்ன செய்வது? ஒன்பது நீள மிளகாய் நாற்றுகளையும் பிழைத்திருக்கும் இரண்டு ஹபனேரோ நாற்றுகளையும் இன்றே ஒரு சிறு கரண்டியால் ஊடகத்தோடு பெயர்த்து, புதிய ஊடகம் நிரப்பிய தனிக் குழிகளுக்கு மாற்றி, மூடியில்லாமல் வெளிச்சத்தில் வையுங்கள். செத்த இரண்டும் இருந்த குழிகளைக் காலிசெய்து எறியுங்கள். முளைக்காத பதினாறு குழிகளில் மேல்மண் சற்றுக் காயும்வரை மூடியைத் திறந்து வைத்து, பிறகு மூடி, அடியில் சூடு கொடுத்து மண்ணை 28 டிகிரிக்குக் கொண்டுவந்து, ஊன்றிய நாளிலிருந்து 42ஆம் நாள் வரை காத்திருங்கள். இடையில் ஒவ்வொன்றாக முளைக்க முளைக்க அந்தக் குழியை மட்டும் வெளியே எடுத்துவிடுங்கள். 42 நாளுக்குப் பிறகு மீந்ததைத் தோண்டிப் பார்க்கலாம்: விதை கெட்டியாக இருந்தால் இன்னொரு வாரம் கொடுங்கள், விரலில் நசுக்கியதும் கூழாக வழிந்தால் அது ஈரத்தில் அழுகிவிட்டது என்று பொருள்.